செபமாலைத் தெருவின் உயரம்

மாதாவே துணை

எண்ணூர் விரைவுச் சாலை,
ஜூன் 3

அன்புத் தங்கை ஃபாத்திமாவுக்கு அண்ணன் சாவியோ எழுதுவது.

நான், அம்மா, உன் அண்ணி மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பனிமலை உயரத்தில் உனக்கு மூச்சு வாங்குவது நின்றதா? ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உன் மூச்சுக்கென்றே அம்மா ஒதுக்கிவிட்டாள்.

நீ இருக்கும் இடத்தில் போன் எடுக்காது என்பதும் ஒரு வகையில் நல்லதுதான். எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், தெருவே கேட்கும். நான் நேற்று மதியத்திலிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு, துறைமுக வாசலை நோக்கி டிரெய்லரில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசை நகரவில்லை. முன் வண்டியின் முதுகை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாத தெருக்களை எல்லாம் மழைக்கு முன்னால் காலி செய்து, மணலி புதுநகர் அடுக்குமாடிக்கு அனுப்பப் போகிறார்களாம். நம் செபமாலைத் தெருவின் உயரம் ஒன்று புள்ளி ஒன்பது என்று போட்டிருக்கிறது. பத்து சென்டிமீட்டர், ஃபாத்திமா! ஒரு சாண்கூட இல்லாத அளவுக்காக அப்பா கட்டிய வீட்டை விட்டுப் போக வேண்டுமாம்.

யாரும் வந்து அளக்கவில்லை. சாட்டிலைட்டில் எடுத்த உயரமாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீதானே சொன்னாய், சாட்டிலைட் உயரத்தில் மூன்று நான்கு மீட்டர் பிழை இருக்கும், அந்தப் பிழையைப் பிடிப்பதுதான் என் வேலை என்று? அதையே ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் ஆராய்ச்சி நிலையத்து முத்திரையைக் குத்தி அனுப்பு. ஆகஸ்ட் 22 அன்று பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குள் கையில் இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு டென்னிஸும் நானும்தான் தெருவுக்காக முன்னால் நிற்கிறோம். காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைதான் அவனுக்கு இன்னும். "ஃபாத்தி மேல ஐஸ அளக்குது, நான் கீய ஐஸ ஒடிக்கிறேன், ரெண்டு பேருக்கும் ஒரே டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் அப்பா அய்யாத்துரை மாமா இப்போது கட்டிலோடுதான். தேர்த் திருவிழாவுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன மனுஷன். உன்னைக் கேட்டார்.

வரிசை நகர்கிறது. மற்றவை உன் பதில் கண்டு.

அண்ணன்,
சாவியோ


மேல் முகாம்,
ஜூன் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் காய்கறி ஜீப்பில் வந்தது. இங்கே நலம். மூச்சு பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வேலை சரியாகப் போகிறது. என்னோடு முபாஷிர் என்று ஒரு காஷ்மீரத்துப் பையன் இருக்கிறான், என்னைவிட நன்றாகச் சமைக்கிறான். காலையில் பனி இறுகியிருக்கும்போதே ஏறிவிடுவோம். இந்தப் பனியாற்றின் மேல்மட்டம் எவ்வளவு உயரம், எவ்வளவு சரிவு என்பதை சாட்டிலைட் சொல்கிறது. அதை வைத்து, அடியில் எத்தனை மீட்டர் பனி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாதில்லையா? மேலே கொஞ்சம் தப்பினால் அடியில் நிறையத் தப்பிவிடும். அதனால் இடம் இடமாகக் கம்பு நட்டு, கருவியை வைத்து நாங்களே அளந்து, சாட்டிலைட் எண்ணோடு ஒப்பிடுகிறோம்.

சாட்டிலைட்டைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எது கண்ணில் படுகிறதோ அதைச் சொல்கிறது. உலர்ந்த பனி என்றால் அதன் அலை உள்ளே புகுந்துவிடும், மேல்மட்டம் தாழ்வாகத் தெரியும். காடு என்றால் மர உச்சியைத் தரை என்று நினைத்துக்கொள்ளும். ஊர் என்றால் கூரை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி. நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் நிஜத் தரையை அது பார்ப்பதே இல்லை. அது பெரிய கதை.

முத்திரைக்கு இயக்குநரின் அனுமதி வேண்டும். பார்க்கிறேன்.

அய்யாத்துரை மாமாவுக்கு என் அன்பு. அம்மாவை வெயிலில் மார்க்கெட்டுக்கு அனுப்பாதே.

தங்கை,
ஃபாத்திமா


மாதாவே துணை

எண்ணூர் விரைவுச் சாலை,
ஜூலை 5

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. உன் கடிதத்தில் ஏன் மேலே சிலுவை இல்லை, மாதா பேர் இல்லை என்று அம்மாவுக்கு வருத்தம். "அவ்ளோ உசரத்துல கீறா, சாமிக்குப் பக்கத்துலயே கீறோம்னு நெனப்பு போல" என்றாள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. டென்னிஸ் போனில் உயரம் காட்டும் ஆப் ஒன்றை இறக்கினான். நம் வாசலில் நின்று பார்த்தால் மைனஸ் எண்பத்து நான்கு மீட்டர் என்று காட்டுகிறது! பிள்ளையார் கோயில் பக்கம் போனான், அங்கேயும் அதே. "டேய், நாம கடலுக்கு அடில குடியிருக்கோம்டா" என்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா பயந்துபோய் மாதா சுரூபத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள்.

பயம் தெளிந்ததும் டென்னிஸ் குதிக்க ஆரம்பித்துவிட்டான். இதுவும் சாட்டிலைட் சொல்கிற எண்தானே, எண்பத்து நாலு மீட்டர் புளுகுகிற சாட்டிலைட்டை நம்பி எங்களைக் காலி செய்யச் சொல்கிறீர்களா என்று கூட்டத்தில் கேட்கப் போகிறானாம். இதில் ஏதாவது கோளாறு உண்டா? அதையும் எழுது.

எங்களுக்குத் தேவை பத்து சென்டிமீட்டர்தான். நீ சொல்வதோ மீட்டர் கணக்கில் பிழை. அதில் ஒரு துளி நம் பக்கம் விழுந்தால் போதும். முத்திரை விஷயம் என்ன ஆயிற்று? நீ எழுதப் போகிறாய் என்று தெருவில் சொல்லிவிட்டேன். கோயில் வாசலில் ஆளுக்கு ஆள் விசாரிக்கிறார்கள்.

அண்ணன்,
சாவியோ


மேல் முகாம்,
ஜூலை 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கேயும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மாதாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியதைப் படித்துச் சிரித்தேன், முபாஷிருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

டென்னிஸ் அண்ணனின் போன் புளுகவில்லை. அது எண்ணத் தொடங்கும் இடம் வேறு, அவ்வளவுதான். பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாக வைத்துக் கணக்கில் ஒரு மேற்பரப்பு வைத்திருக்கிறார்கள். போன் அங்கிருந்து எண்ணுகிறது. நிஜக் கடலோ நம் பக்கத்தில் அந்தக் கணக்குப் பரப்பைவிட எண்பத்தைந்து மீட்டர் வாக்கில் தாழ்ந்து கிடக்கிறது. பூமியின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் அப்படி. நோட்டீஸில் உள்ள எண் நிஜக் கடலிலிருந்து எண்ணியது. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

இதற்காக யாரையும் கேலி செய்யாதே. போன மாதம் நாங்களும் இதையே செய்தோம். ஒரு வரைபடம் ஒரு பூஜ்யத்திலிருந்தும் இன்னொன்று வேறு பூஜ்யத்திலிருந்தும் எண்ணியிருந்தது. கழித்துப் பார்த்தால் நாற்பது மீட்டர் பனியைக் காணோம்! முபாஷிர் அன்று சாப்பிடவே இல்லை.

வேறு ஒன்றும் தெளிவாகிவிட்டது. நான் எப்போதும் பிழை என்றால் இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம் என்றே சொல்லி வந்தேன். இங்கே அப்படி இல்லை, பிழை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. பழைய வரைபடம் எடுத்த காலத்தில் அலை உலர்ந்த பனிக்குள் புகுந்து, மேல்மட்டத்தைத் தாழ்த்திக் காட்டிவிட்டது. அன்று நிஜமாக இருந்த பனி, வரைபடம் சொன்னதைவிட அதிகம். அப்படியானால் இதுவரை உருகியதும் நாங்கள் நினைத்ததைவிட அதிகம்.

கீழே ஓர் ஊர் இருக்கிறது. பட்டாணியும் ஆப்பிளும் போடுகிறார்கள், தண்ணீர் இந்தப் பனியிலிருந்துதான். புதுக் கன்று நடலாமா என்று கேட்டார்கள். போன வாரம் அவர்களுடைய கூட்டத்தில் எண்ணைச் சொன்னேன், எந்தப் பக்கம் சாயும் என்பதையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா எனக்கு வெண்ணெய் போட்ட டீ கொடுத்தார்.

எங்கள் வேலையில் நேரில் போய் அளக்காமல் எதையும் முடிவாகச் சொல்வதில்லை. நான் அங்கே இல்லை. கொத்தனார் சின்னப்பையனிடம் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற குழாய் இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள் இல்லையா? அங்கிருந்து மட்டத்தைச் சுவருக்குச் சுவர் கடத்திக்கொண்டே நம் வாசல் வரை வந்து பாருங்களேன். நேரம் கிடைத்தால்தான்.

இயக்குநருக்கு இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும்.

அம்மாவுக்கு முத்தம்.

தங்கை,
ஃபாத்திமா


மாதாவே துணை

வீடு,
ஆகஸ்ட் 6

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். இன்று லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப்பையன் குழாயோடு வந்தார். ஸ்டேஷனிலிருந்து சாக்பீஸால் சுவரெல்லாம் கோடு போட்டுக்கொண்டு கிளம்பினோம். நடைமேடையில் ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா பண்ணிகினு கீறீங்க? குண்டு கிண்டா?" என்றார். மட்டம் பார்க்கிறோம் சார் என்றதும், கொஞ்ச தூரம் அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெயின் ரோட்டைத் தாண்டும் வரை இறக்கம் தெரியவில்லை. நம் தெருவில் திரும்பியதும் சின்னப்பையன் நின்றுவிட்டார். "தெரு எறங்குது நைனா" என்றார்.

நம் வாசற்படியடியில் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர்தான். திரும்ப ஒரு தடவை ஸ்டேஷன் வரை போய் வந்தோம். அதேதான்.

ஃபாத்திமா, நான் டிரைவர்தான், ஆனால் உன்னைக் கையில் வைத்து வளர்த்தவன். இரண்டு தடவை கேட்டேன். பனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய், தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை. நல்ல செய்தியாக இருந்தால் நீ ஜீப்பைப் பிடித்து இறங்கி வந்து போன் போட்டிருப்பாய். சாட்டிலைட் நம் தெருவில் கூரையைப் பார்த்திருக்கிறது, தரை அதற்கும் கீழே. முதல் கடிதம் எழுதும்போதே உனக்குத் தெரியும், அப்படித்தானே?

சாயங்காலம் தெருவில் சொன்னேன். டென்னிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "டியூப்புல காத்து பூந்தா மட்டம் தப்பா காட்டும், இது தெரியாதா மாமு ஒனுக்கு?" என்றான். யாரோ பின்னாலிருந்து, "மணலில உனுக்குக் கீய் வூடு தரேன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்கள். கடைசியில் டென்னிஸ்தான் எல்லோரையும் அடக்கிவிட்டுச் சொன்னான்: "ஃபாத்தி சீல் போட்டு எய்தி குடுக்கட்டும். எறக்கம்னு எய்தினாலும் சரி, மேடுன்னு எய்தினாலும் சரி. அத்த நம்பறோம்."

ஆகவே நான் இப்போது கேட்பது வேறு கடிதம். முன்பு கேட்டதை மறந்துவிடு. உள்ளதை எழுது. அந்த மலை ஊர்க்காரர்களுக்குச் சொன்ன மாதிரி எங்களுக்கும் சொல். ஆகஸ்ட் 22, மறந்துவிடாதே.

அண்ணன்,
சாவியோ


கீழ் முகாம்,
செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, பாத்திரத்தில் வைத்த தண்ணீர் காலையில் கல்லாகிவிடுகிறது. சீக்கிரம் இறங்கிவிடுவோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஜீப்பில் இயக்குநருக்குச் சொல்லியனுப்பினேன். நகரத்துக் குடியிருப்பு விஷயத்தில் நிலையம் எந்தக் கருத்தும் சொல்லாது, யாரும் தனிப்பட்ட முறையிலும் சொல்ல வேண்டாம் என்று பதில் வந்தது. நான் மறுபடி கேட்கவில்லை.

ரேடார் வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போய்ப் பனியின் அடியைப் பார்த்துவிட்டோம். நடுப்பகுதியில் கணக்கும் நிஜமும் ஒத்துப்போகின்றன, ஓரத்தில் ஒத்துப்போகவில்லை. ஓரத்தில் சரிவு அதிகம். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. முபாஷிர் தாடி வளர்த்துவிட்டான்.

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து விடுகிறாளா? கூட்டம் எப்படி நடந்தது?

தங்கை,
ஃபாத்திமா


மாதாவே துணை

மணலி புதுநகர்,
அக்டோபர் 5

அன்புத் தங்கைக்கு,

நானும் அண்ணியும் சுகம். அம்மா உடம்பும் சுகம், கண்ணுக்கு மருந்து விடுகிறாள்.

மேலே முகவரியைப் பார்த்திருப்பாய். கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. ஓர் அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். டென்னிஸ் எழுந்து போனைத் தூக்கிப் பிடித்தான். "சார், ஒங்க சாட்லைட்டு இன்னா சொல்து பாருங்க. நாங்க கடலுக்கு அடில எம்பத்து நாலு மீட்டர்ல கீறோமாம். நாங்க இன்னா மீனா?" என்றான். கூரை அதிரச் சிரிப்பு. அந்த அதிகாரிக்கும் விளக்கம் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் மறுபடி அளக்க வேண்டும் என்று திட்டத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். தெருவில் வெடி போட்டார்கள். பிரியாணி அண்டா இறங்கியது. எனக்கும் ஒரு தட்டு வந்தது.

போன் ஏன் அப்படிக் காட்டுகிறது என்பது அந்த மண்டபத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நீதான் எழுதியிருந்தாயே. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் என் பேச்சை யார் நம்பியிருப்பார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் அந்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போய், விருப்பத்தின் பேரில் மாறுவதாகக் கையெழுத்துப் போட்டேன். தெருவிலேயே நான் ஒருவன்தான். சாமான் ஏற்ற ஒருவரும் வரவில்லை, சின்னப்பையன் மட்டும் வந்தார். டென்னிஸ் அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தான். சின்ன வயசிலிருந்து ஒரே சைக்கிளில் போனவர்கள் நாங்கள். அது எனக்கு ரொம்ப வலித்தது, ஃபாத்திமா.

மணலி புதுநகரும் ஒன்றும் மேடு கிடையாது. மழைக்கு இங்கேயும் தண்ணீர் நிற்கும், காற்று திரும்பினால் கம்பெனி நாற்றம் தூங்கவிடாது. ஆனால் நமக்கு விழுந்தது மூன்றாம் மாடி. அதற்காகத்தான் வந்தேன்.

அம்மா வந்த நாளிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. எதைச் சொன்னாலும் மாதா சுரூபத்திடம்தான் சொல்கிறாள். அந்த ஆப்பை நானும் இறக்கியிருக்கிறேன். இங்கே மைனஸ் எழுபத்து நாலு என்று காட்டுகிறது. அண்ணி அதைச் சொன்னதும், "மாதாவே, மூணு மாடி ஏத்தியும் கடலுக்குக் கீயத்தான் வெச்சிகினு கீறான் எம்புள்ள" என்று முறையிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

அண்ணன்,
சாவியோ


டேராடூன்,
அக்டோபர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இறங்கி வந்துவிட்டேன். நலம். இனிமேல் போன் எடுக்கும். ஆனாலும் போன வாரம் பேசியபோது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டி இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். சென்னையில் எதற்கு என்பாள், மூன்றாம் மாடியில் மார்கழிக் காற்றுக்கு வேண்டியிருக்கும். அண்ணிக்கு அக்ரூட்.

அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். இயக்குநர் நன்றாக இருக்கிறது என்றார்.

தெருவில் மற்றவர்கள் யாராவது மாறினார்களா? டென்னிஸ் அண்ணனின் எண்ணை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்துவிட்டேன். அய்யாத்துரை மாமாவுக்கு எழுந்து உட்கார முடிகிறதா? வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை,
ஃபாத்திமா


மாதாவே துணை

மணலி புதுநகர்,
டிசம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மூன்று பேரும் பத்திரமாக இருக்கிறோம் என்று போனில் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

புயல் அன்று இங்கே கீழ் வீடுகளில் முழங்கால் தண்ணீர். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். செபமாலைத் தெருவில் கடலும் ஏறியது, மழைத் தண்ணீரும் இறங்க வழியில்லாமல் நின்றது. நம் பழைய வீட்டில் ஜன்னல் விளிம்பு வரை. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன், அப்பா பூசிய சுவரில் பழுப்பாக ஒரு கோடு இருக்கிறது. அம்மா படுக்கும் இடத்தில் நின்றால் என் நெஞ்சு வரைக்கும் வருகிறது.

டென்னிஸ் அய்யாத்துரை மாமாவை மீன் ஐஸ் பெட்டி மூடியில் படுக்க வைத்து, கயிறு கட்டி, மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். கழுத்தளவுத் தண்ணீராம். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தண்ணீர் நெஞ்சில் இறங்கிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். புதன் அன்று அடக்கம்.

செய்தி வந்தபோது அம்மா என்னைப் பார்த்து, "எய்ந்திரு, டென்னிசு தனியா கீறான்" என்றாள். வீடு மாறி வந்த பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. உன் சால்வையை எடுத்துக்கொண்டு வந்தாள், மாமாவின் மேல் போர்த்தினாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது டென்னிஸ் என் பக்கத்தில் நடந்து வந்தான். அப்புறம் கேட்டான்: "ஃபாத்திக்குத் தெரியுமா?"

தெருவைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை என்றேன். அது பொய் இல்லை.

தலையை ஆட்டினான். "எய்தியிருந்தா போயிருப்பேன் மாமு. ஒன்ன நம்பல. அத்த நம்பியிருப்பேன்" என்றான்.

நீ எழுதாததை நான் படித்துக்கொண்டேன், ஏனென்றால் நான் உன் அண்ணன். அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? தெருவில் இன்னும் நாற்பது குடும்பம் இருக்கிறது. சுவரைக் கழுவி, வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். இது எப்போதோ ஒரு தடவை வருகிற புயல் என்று பேசிக்கொள்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சாவியோ


மாதாவே துணை

டேராடூன்,
டிசம்பர் 27

அண்ணனுக்கு,

மேலே மாதா பேர் எழுதியிருக்கிறேன், அம்மாவிடம் காட்டு. மாமாவை நினைத்து அழுதேன், இன்னும் அழுகிறேன். அதை இந்தக் கடிதத்தில் மேலும் எழுதவில்லை.

ஜனவரி 4 காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். அன்று சாயங்காலம் செபமாலைத் தெருவில், டென்னிஸ் அண்ணனின் வாசலில் நின்று, கீழே இருப்பதை நானே படிக்கப் போகிறேன். அவர் விட்டால் படிப்பேன், விடாவிட்டால் எதிர் வாசலில் நின்று படிப்பேன். அதற்கு முன் யாரிடமும் கொடுக்காதே. ஃபாத்திமாவுக்குத் தெரியாது என்று எனக்காக இனி யாரிடமும் சொல்லாதே.

*

செபமாலைத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு:

உங்கள் தெருவின் உயரம் என்று நோட்டீஸில் போட்டிருந்த ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர் தவறு. வீடுகள் நெருங்கிய இடத்தில் சாட்டிலைட் கூரையையும் தரையையும் சேர்த்தே பார்க்கிறது. அதனால் இந்தப் பிழை மேலும் கீழுமாக வருவதில்லை. எப்போதும் ஒரே பக்கம்தான் வரும், தெருவை நிஜத்தைவிட உயரமாகவே காட்டும்.

சின்னப்பையனும் சாவியோவும் குழாயால் அளந்த ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்பதே சரிக்கு நெருக்கமானது. அவர்கள் சுவரில் போட்ட கோட்டையும் புயல் விட்டுப்போன கோட்டையும் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். போன் காட்டும் மைனஸ் எண்பத்து நான்கு வேறொரு பூஜ்யத்திலிருந்து எண்ணியது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான் வேலை செய்யும் மலையிலும் பிழை ஆறுதலான பக்கத்துக்கே சாய்ந்தது. உருகியதைக் குறைத்துக் காட்டியது. அதை அந்த ஊர்க்காரர்களுக்கு ஜூலையிலேயே சொன்னேன்.

உங்கள் தெருவை சாட்டிலைட் நிஜத்தைவிட உயரமாகவே காட்டியிருக்கும் என்பது ஜூன் மாதமே எனக்குத் தெரியும். எழுதினால் எங்கள் வீடும் போகும் என்று எழுதாமல் இருந்தேன்.

அடுத்த மழைக்கு முன் போய்விடுங்கள்.

முத்திரை கிடைக்கவில்லை. கையெழுத்து என்னுடையது.

ஃபாத்திமா ஸ்டானிஸ்லாஸ்